உப்புத் தண்ணீரில் உடையும் சிவப்பணு: ஒரு சோதனையின் கதை

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டதும், கல்லூரி நினைவுகளை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதுவார்கள். விலங்கியல் படித்துவிட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கழித்தவன் நான். ஆகவே எனக்குப் பழக்கமான ஒரு சோதனையின் வரலாற்றைச் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு மேல் வயதான சோதனை. அதற்கு வேண்டிய முக்கியமான சரக்கு உப்பும் தண்ணீரும்தான். இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களுடைய கல்யாணத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் இதில் இருக்கிறது.

விலங்கியல், தாவரவியல் படித்தவர்களுக்கு அந்தச் செய்முறை வகுப்பு ஞாபகம் இருக்கும். விரல் நுனியில் ஊசியால் குத்தி, மூன்று கண்ணாடிச் சில்லுகளில் ஒவ்வொரு சொட்டு இரத்தம். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒன்றில் 0.9 சதவீத உப்புக் கரைசல், ஒன்றில் கெட்டியான உப்புக் கரைசல். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெறும் தண்ணீரில் சிவப்பணுவே இருக்காது. தண்ணீரை உறிஞ்சி, ஊதி, வெடித்து, உள்ளே இருந்த சிவப்பெல்லாம் கரைந்து போயிருக்கும். கெட்டி உப்பில் அணு சுருங்கி முள்ளு முள்ளாக நிற்கும். நடுவில் இருப்பது மட்டும் சவுக்கியமாக இருக்கும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு அதை மறந்துவிட்டோம். ஆனால் அந்த வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 0.9-லிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் அணு வெடிக்கும்? எல்லாருடைய இரத்தமும் ஒரே இடத்தில்தான் வெடிக்குமா?

முதல் கேள்வியைக் கேட்டவர் ஹாலந்து நாட்டு ஹாம்பர்கர் என்ற உடலியல் அறிஞர். 1880-களில் அதே நாட்டைச் சேர்ந்த ஹியூகோ டி விரீஸ், செடிகளின் செல்களை உப்பு, சர்க்கரைக் கரைசல்களில் போட்டு, எந்த அளவில் அவை சுருங்குகின்றன என்று கணக்கிட்டுக் கொண்டிருந்தார். செடிக்கு நடப்பது இரத்தத்துக்கும் நடக்குமே என்று ஹாம்பர்கருக்குத் தோன்றியது. விலங்குகளின் இரத்தத்தை வெவ்வேறு அளவுக் கரைசல்களில் கலந்து, எந்த அளவுக்குக் கீழே போனால் அணுவிலிருந்து சிவப்பு கசிய ஆரம்பிக்கிறது என்று வரிசையாகப் பார்த்தார். நாம் இன்று ஆஸ்பத்திரியில் 'சலைன்' என்று ஏற்றிக்கொள்கிறோமே, அந்த 0.9 சதவீதம் என்ற எண்ணோடும் இவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கடல் தண்ணீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். நம் உடம்பின் உப்பு அதில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

(உப்பு என்றதும் ஒரு விஷயம். காரைக்காலில் அலை அடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டே உப்புக் காய்ச்ச முடியாத காலம் ஒன்று இருந்தது. 1815-லும் 1818-லும் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில், இங்குள்ள பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு உற்பத்தியே பணத்துக்குக் கைமாறியது. கதை வேறு பக்கம் போகிறது, விட்டுவிடுவோம்.)

இரண்டாவது கேள்விதான் மருத்துவத்துக்கு வேண்டியது. அதற்குப் பதில் பாரிஸ் நகரத்தில் கிடைத்தது. வருஷம் 1907. அப்போது நம்ம ஊரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. டாக்டர் படிப்பு படிக்க வேண்டுமென்றால், 1823-லேயே தொடங்கிய பாண்டிச்சேரி மருத்துவப் பள்ளி இருந்தது. பின்னாளில் ஜிப்மர் என்று பெரிதாக வளர்ந்த நிறுவனத்தின் வேர் அந்தப் பள்ளிதான். நம் தாத்தாமாருடைய அரசாங்கத்தின் தலைநகரத்தில் பிறந்த சோதனை இது என்று சொன்னால் தப்பில்லை.

அனத்தோல் ஷோஃபார் என்பது அந்த பாரிஸ் டாக்டரின் பெயர். அவர் கவனித்த நோயாளிகள் ஒரு விசித்திரமான கூட்டம். சிறு வயதிலிருந்தே கண் மஞ்சள். ஆனால் நடமாட்டம், சாப்பாடு, வேலை எல்லாம் ஏறக்குறைய சரியாக இருக்கும். இவர்களிடம் மஞ்சள்தான் அதிகம், நோய் குறைவு என்ற பொருள்பட அவரே சொல்லியிருக்கிறார். மண்ணீரல் மட்டும் வீங்கியிருக்கும். கல்லீரல் கெட்டு வரும் காமாலையில் சிறுநீரில் பித்தம் இறங்கும், இவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வருகிறது? ஷோஃபார் இவர்களுடைய சிவப்பணுவை உப்புக் கரைசல் வரிசையில் போட்டுப் பார்த்தார். மற்றவர்களுடைய அணு தாக்குப்பிடிக்கிற அளவிலேயே இவர்களுடைய அணு உடைந்தது. கல்லீரலில் கோளாறு இல்லை, அணுவே நொய்ந்த அணு, அது உடம்புக்குள் உடைந்து உடைந்துதான் மஞ்சள் சேருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். காமாலை என்றால் கல்லீரல் என்று அதுவரை இருந்த நினைப்பை ஒரு வரிசைக் குழாய் மாற்றிவிட்டது.

நேர்மையாகச் சொல்வதானால், இந்த நோயை முதலில் பார்த்தவர் ஷோஃபார் இல்லை. 1871-லேயே பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் வான்லேர், மாசியஸ் என்ற இரண்டு டாக்டர்கள், சின்னஞ்சிறு உருண்டை அணுக்கள் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி விவரமாக எழுதியிருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. பார்த்தது மட்டும் போதாது, அளந்தும் காட்ட வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது. 1887-ல் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற பெயர்பெற்ற சர்ஜன், கர்ப்பப்பைக் கட்டி என்று நினைத்து ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்தது கட்டி இல்லை, பெரிதாக வீங்கிய மண்ணீரல். அதை எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நெடுநாளாக இருந்த மஞ்சள் காமாலை அதோடு மறைந்துவிட்டது! ஏன் மறைந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. சுமார் நாற்பது வருஷம் கழித்து டாஸன் பிரபு என்ற டாக்டர் அதே பெண்ணின் இரத்தத்தை உப்புக் கரைசலில் சோதித்தார். மண்ணீரல் போய் நாற்பது வருஷம் ஆகியும் அணு இன்னும் நொய்ந்துதான் இருந்தது. ஆக, கோளாறு பிறவியிலேயே அணுவில் இருக்கிறது. மண்ணீரல் அதை வடிகட்டி உடைக்கும் இடம். அந்த இடத்தை எடுத்துவிட்டால் கோளாறு இருந்தாலும் அணு பிழைத்துக்கொள்கிறது. கத்தி தெரியாமல் செய்ததை, குழாய் நாற்பது வருஷம் கழித்து விளக்கியது.

அணு ஏன் உடைகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சிவப்பணு உருண்டை இல்லை, நடுவில் குழிந்த வட்டத் தட்டு. நம்ம ஊர் உவமையில் சொல்வதென்றால், பாதி நெல் கொட்டிய கோணிப்பை. பை பெரிசு, உள்ளே சரக்குக் குறைவு, அதனால் தளர்ந்து கிடக்கிறது. இன்னும் நெல் கொட்டினாலும் பை கொள்ளும். கணக்கிலே சொன்னால், அணுவின் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரான், அதைப் போர்த்தியிருக்கும் சவ்வின் பரப்பு சுமார் 140 சதுர மைக்ரான். அதே கொள்ளளவு உள்ள உருண்டைக்கு 97 போதும். மீதி அத்தனையும் உபரி. இந்த உபரி இருப்பதால்தான் அணு தன்னைவிடக் குறுகிய இரத்தக் குழாய்களில் மடங்கி நுழைந்து வெளியே வருகிறது. சில குடும்பங்களில், சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களில் பிறவிக் குறை. ஸ்பெக்ட்ரின், ஆங்கிரின் போன்றவை அந்தப் புரதங்கள். குறை இருந்தால் சவ்வு துளித்துளியாக உதிர்கிறது. பை சின்னதாகிறது, சரக்கு அப்படியே இருக்கிறது. கடைசியில் வாய்வரை திணித்துத் தைத்த மூட்டை மாதிரி உருண்டை அணு. இதற்கு மேல் ஒரு கைப்பிடி போட்டாலும் தையல் விட்டுவிடும். உருவம்தான் காரணம் என்பதை 1934-ல் அமெரிக்காவின் ஹேடன் எடுத்துக் காட்டினார், புரதங்களின் கணக்கு பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. நோய்க்கு 'பரம்பரை உருண்டையணு நோய்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்தே வரும்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் என்ன செய்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்போம், பத்தியம் இருப்போம், மந்திரிப்போம். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பையன் வந்தான், பதினான்கு வயசிருக்கும். அஞ்சு வயசிலிருந்து வருஷத்துக்கு ரெண்டு தரம் காமாலை, ஒவ்வொரு தரமும் பத்தியம், பள்ளிக்கூடத்துக்கு லீவு. "இவனுக்கு ஈரல் வீக்குங்க" என்று அவன் அம்மா சொன்னார். அப்பாவுக்கு வாலிப வயசிலேயே பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆகியிருந்தது. இரத்தத் தடவலில் உருண்டை அணுக்கள். உப்புக் கரைசல் வரிசை வைத்தோம். எங்கள் கண்ட்ரோல் இரத்தம் அசையாமல் இருந்த குழாய்களிலேயே அவன் இரத்தம் சிவந்து இறங்கிவிட்டது. அப்பாவின் இரத்தமும் அப்படியே. சிவப்பணு ஓயாமல் உடைந்தால் அதன் மஞ்சள் பித்தப்பையில் கல்லாகப் படியும். அப்பாவின் கல்லும் பையனின் கண்ணும் ஒரே கதை என்பது அன்று மத்தியானம் தெரிந்தது. ஒன்பது வருஷப் பத்தியம் வீண். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் டாக்டர் கண்காணிப்பும் போதும் என்றார்கள். தேவைப்பட்டால் மண்ணீரலை எடுக்கலாம், ஆனால் ஆறு வயசுக்கு முன் எடுக்கத் தயங்குவார்கள், எடுப்பதற்கு முன் நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் போட வேண்டும். மண்ணீரலுக்கும் வேறு வேலை இருக்கிறதல்லவா!

சோதனைக் கூடத்து வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசை. பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் நம்மைப் பதம் பார்க்கும் வேலை அது. 1938-ல் லண்டனில் டேசியும் ஜேனட் வாகனும் இதை எப்படி அளப்பது, அளந்ததற்கு என்ன அர்த்தம் என்று எழுதினார்கள். 1947-ல் அமெரிக்காவில் பார்ப்பார்ட் குழுவினர் கரைசலின் அமிலத்தன்மை மாறாமல் நிறுத்தி அளக்கும் முறையைத் தந்தார்கள். 1950-ல் வந்த டேசியின் 'பிராக்டிகல் ஹீமட்டாலஜி' எங்களைப் போன்றவர்களுக்கு வேதப் புத்தகம். ஒரு டசனுக்கு மேல் குழாய்களை வரிசையாக நிறுத்தி, 0.9 சதவீதத்திலிருந்து 0.1 வரை படிப்படியாக உப்பைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் 5 மில்லி கரைசல், அதில் ஹெப்பாரின் சேர்த்த இரத்தம் 50 மைக்ரோலிட்டர். அரை மணி நேரம் விட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரின் சிவப்பைக் கருவியில் படிக்க வேண்டும். ஆரோக்கியமான இரத்தம் சுமார் 0.5 அல்லது 0.45 சதவீதத்தில் உடைய ஆரம்பித்து 0.3-க்குள் முழுக்க முடிந்துவிடும். உருண்டை அணு 0.6-ஐத் தாண்டியே கசிய ஆரம்பிக்கும். சில பேருக்குப் புது இரத்தத்தில் வித்தியாசம் தெரியாது. அப்போது 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மறுநாள் பார்ப்போம், மறைந்திருந்தது வெளியே வரும்.

இதில் நம் ஊருக்கே உரிய வில்லங்கம் வெயில். கரைசலின் வெப்பம் 5 டிகிரி ஏறினால், உப்பை லிட்டருக்கு 0.1 கிராம் கூட்டின மாதிரி என்று டேசியே எழுதியிருக்கிறார். அதாவது சூட்டில் அணு கொஞ்சம் கெட்டிப்பட்டது போலக் காட்டும். இருபது டிகிரிக் கூடத்தில் எடுத்த அளவுகளை, மே மாசத்தில் மின்விசிறி ஓடாத முப்பத்தைந்து டிகிரிக் கூடத்தில் வைத்து ஒப்பிட்டால், லிட்டருக்கு 0.3 கிராம் வித்தியாசம் காற்றிலேயே வந்துவிடும். அமிலத்தன்மை 0.1 நகர்ந்தாலும் இதே அளவு பிசகும். கழுவிய குழாயில் சோப்பு ஒட்டியிருந்தால் அணு அதனாலேயே உடையும். கடற்காற்றில் ஈரம் ஏறிய உப்பை உலர்த்தாமல் நிறுத்தால் கரைசலே பொய். அதனால்தான் நோயாளியின் இரத்தத்தோடு, அதே நேரத்தில், அதே கரைசலில், ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தத்தையும் வைக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அந்த ஆரோக்கியமான ஒருவர் கூடத்து ஊழியரேதான். எத்தனை தரம் நான் என் கையையே நீட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. அணு உருண்டை என்று சொல்லும், ஏன் உருண்டை என்று சொல்லாது. உடம்பே தன் அணுவுக்கு எதிராக எதிர்ப்பொருள் சுரந்து உடைக்கும் நோயிலும் உருண்டை அணு வரும், குழாய் வரிசை ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரிக்க 1945-ல் கூம்ப்ஸ் சோதனை வந்தது. பரம்பரையா, இடையில் வந்ததா என்பதை அதுதான் சொல்லும்.

இதுவரை சொன்னது சீக்கிரம் உடையும் அணுவின் கதை. நம் பக்கத்துக்கு இன்னும் முக்கியம், உடைய மறுக்கும் அணுவின் கதை. 1925-ல் இத்தாலியில் ரியெட்டி என்ற டாக்டர் ஒரு புதுவகைக் காமாலை நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய அணு, வழக்கமான அணு கரைந்துபோகும் மெல்லிய உப்பிலும் உடையாமல் நின்றது. அதே 1925-ல் அமெரிக்காவில் கூலி என்ற குழந்தை மருத்துவர், கடுமையான சோகையும் வீங்கிய மண்ணீரலும் முக எலும்பு மாற்றமும் கொண்ட குழந்தைகளை விவரித்தார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை. 1930-களில் கிரீஸ் நாட்டில் காமினோபெட்ரோஸ், நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரை உப்புக் கரைசலில் சோதித்தார். பெற்றோருக்கு நோய் இல்லை, ஆனால் அவர்களுடைய அணுவும் உடைய மறுத்தது. நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் அதுவும் ஒன்று. தலசீமியா என்று இன்று சொல்வது இதைத்தான். ஹீமோகுளோபின் செய்ய வேண்டிய மரபணுவில் குறை, அதனால் அணுவுக்குள் சரக்குக் குறைவு. கோணிப்பை அதே அளவு, உள்ளே நாலு படி நெல்தான். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் கொள்ளும்.

மத்தியதரைக்கடல் நோய் என்று முதலில் பெயர் வைத்தார்கள். 1938-லேயே கல்கத்தாவில் முகர்ஜி என்ற டாக்டர் இந்தியக் குழந்தையிடம் இதைக் கண்டு எழுதியதோடு அந்தப் பெயர் பொருந்தாமல் போனது. நம் தமிழ்நாட்டு மலைகளும் இந்த வரலாற்றில் உண்டு. 1952-ல் லேமானும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுப் பண்பைக் கண்டறிந்தார்கள். அது ஹீமோகுளோபினில் வரும் வேறு கோளாறு, அதைக் காணும் சோதனையும் வேறு. ஆனாலும் இத்தகைய இரத்தக் கோளாறெல்லாம் வேறு நாட்டார் சொத்து என்ற நினைப்பு அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை என்பதுதான் வருத்தம். "அது சிந்திக்காரங்க, பஞ்சாபிங்க வியாதி சார், நமக்கெல்லாம் வராது" என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சில சமூகங்களில் அதிகம் என்பது உண்மைதான். நமக்கு வராது என்பது உண்மை இல்லை. இந்தியர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்பது பொதுக் கணக்கு. காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிய கதை நமக்குத் தெரியும். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவில் கொண்டுபோய் இறக்கியது முதல் தொகுதி. அவர்கள் மொழியையும் மாரியம்மனையும் கொண்டுபோனது மாதிரி, இரத்தத்தில் இருந்ததையும் கொண்டுதான் போயிருப்பார்கள். மரபணு பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

மரபணுவைச் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கொஞ்சம் சோகை, அவ்வளவுதான். இரண்டு பேரும் சுமப்பவர்களாக இருந்து கல்யாணம் செய்துகொண்டால்தான் சங்கடம். ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான தலசீமியா. அந்தக் குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ளோ இரண்டு வயசுக்குள்ளோ இரத்தம் ஏற்றத் தொடங்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுசு முழுக்க. ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியாமல் இருக்கத் தனி மருந்து. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகலாம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாமன் சாண்டி 1986-ல் அதைத் தொடங்கினார். ஆனால் பொருந்துகிற மஜ்ஜை வேண்டும், பணம் வேண்டும். இந்தியாவில் வருஷத்துக்கு 10,000 முதல் 15,000 குழந்தைகள் கடுமையான தலசீமியாவோடு பிறப்பதாக மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கணக்கிடுகின்றன. அதே 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் அரிவாள் அணு நோயும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம் மாணவர்களில் யாருக்காவது அது பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

சுமப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கோடிக்கணக்கான பேருக்குப் பெரிய கருவியில் சோதனை செய்வது ஏழை நாட்டுக்கு ஆகாத காரியம். இங்கேதான் பழைய உப்புத் தண்ணீர் திரும்ப வந்தது. அத்தனை குழாய் எதற்கு, சரியான இடத்தில் ஒரு குழாய் போதாதா என்று யோசித்தார்கள். 0.36 சதவீதம் என்பது அந்த இடம். சாதாரண அணு அதில் உடைந்துவிடும், தலசீமியா அணு பெரும்பாலும் நிற்கும். 1981-ல் ஏதென்ஸின் கட்டாமிஸும் அவருடைய கூட்டாளிகளும் இந்த ஒற்றைக் குழாய் முறையின் பலனை அளந்து வெளியிட்டார்கள். மும்பையில் டாக்டர் பி.சி. மேத்தாவின் குழுவினர், கருவியே வேண்டாம், வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம் என்று இதை மக்கள் கணக்கெடுப்புக்கு ஏற்றதாக்கி 1988-ல் எழுதினார்கள். நெஸ்ட்ராஃப் என்று பெயர். 1996-ல் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் இதை எச்.பி.எல்.சி. என்ற நவீனக் கருவிச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேலே சொன்ன 2016 நெறிகளிலும் இரத்த அணுக் கணக்கோடு சேர்த்துச் செய்ய வேண்டிய முதல் கட்டச் சோதனையாக இது இடம் பெற்றிருக்கிறது.

செய்முறை இவ்வளவுதான். இரண்டு குழாய். ஒன்றில் 0.36 சதவீத பஃபர் கலந்த உப்புக் கரைசல், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோலிட்டர் இரத்தம், அதாவது ஒரு சின்னச் சொட்டு. அரை மணி நேரம் கழித்து மெதுவாகக் குலுக்கி, கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். அணு உடைந்திருந்தால் கரைசல் கண்ணாடி போல் தெளிந்து கோடு பளிச்சென்று தெரியும். உடையாமல் நின்றால் கலங்கியிருக்கும், கோடு தெரியாது. மின்சாரம் வேண்டாம், சில ரூபாய்தான் செலவு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம், கல்லூரியின் விலங்கியல் கூடத்திலும் செய்யலாம்.

கோடு தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். இரும்புச் சத்துக் குறைந்தவர்களின் அணுவும் சரக்குக் குறைந்த பைதான், அதுவும் உடைய மறுக்கும். நம் பெண்பிள்ளைகளில் இரும்புக் குறை எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கலங்கிய குழாய் ஒரு சந்தேகம் மட்டுமே. அடுத்து எச்.பி.எல்.சி.யில் ஹீமோகுளோபின் ஏ2 பார்க்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேலே கணிசமாக இருந்தால் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர் என்று பொருள். ஃபெரிட்டின் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. இதைச் செய்யாமல், சோகை என்றதும் வருஷக்கணக்கில் இரும்பு டானிக் குடித்துக்கொண்டிருக்கும் சுமப்பவர்கள் நிறையப் பேர். இரும்பு குறையாதவருக்கு இரும்பு கொடுப்பதில் ஒரு பயனும் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தால் அப்போது இரும்பு வேண்டும், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் குழாய் வரிசையின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2000-ல் இங்கிலாந்தில் கிங் என்பவரின் குழு, அணுச் சவ்வில் ஒட்டும் ஒளிரும் சாயத்தை ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளந்து உருண்டையணு நோயைக் காணும் முறையைக் கொண்டுவந்தது. அது துல்லியம், விரைவு. நான் அதற்காக அழப் போவதில்லை, குழாய் கழுவியவனுக்குத்தான் அதன் அருமையும் அலுப்பும் தெரியும். ஒற்றைக் குழாய்க்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது.

எப்போது செய்துகொள்வது என்று கேட்பீர்கள். படிக்கும்போதே செய்துகொண்டால் அவசரம் இல்லை. ஜாதகத்தோடு சேர்த்து இரண்டு பக்கமும் ஒரு காகிதம் பார்த்துக்கொள்ளலாம், கல்யாணத்தை நிறுத்துவதற்காக அல்ல, தெரிந்துகொண்டு செய்வதற்காக. கல்யாணத்துக்கு முன் தவறிவிட்டால், கர்ப்பம் தரித்ததும் முதல் மாதங்களிலேயே மனைவிக்குச் செய்து, சந்தேகம் வந்தால் அதே வாரத்தில் கணவனுக்கும் செய்துவிட வேண்டும். இருவரும் சுமப்பவர்கள் என்றால் கருவைச் சோதிக்கும் வழி உண்டு. கருச்சவ்வின் மாதிரியை எடுக்க ஏற்ற காலம் சுமார் பத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம். அதற்கு மரபணு ஆய்வு வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முன்கூட்டியே நாள் வாங்க வேண்டும், இருவருடைய மரபணுக் குறை எது என்று அதற்கு முன்பே கண்டிருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது இந்த நினைப்பு வந்தால் நாள் கடந்துவிட்டிருக்கும்.